காதர்பேட்டையில் துணி எடுப்பது எப்படி: முதல்முறை திருப்பூர் போகிறவர்களுக்கு

மாலில் 999 ரூபாய் விலைச்சீட்டோடு தொங்கும் டி-சர்ட்டும், திருப்பூரின் பின்னலாடைச் சந்தையான காதர்பேட்டையில் 200 ரூபாய்க்கு அடுக்கிக் கிடக்கும் டி-சர்ட்டும் ஒரே கம்பெனியில் தைத்தவையாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். அதே அடுக்கில் அதற்கு அடுத்து கிடப்பது இரண்டு துவைப்பில் உடம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும் சரக்காகவும் இருக்கும். கடைக்காரர் இரண்டையும் ஒரே விலைக்குத்தான் சொல்வார். கை வைத்துப் பார்த்து எது எது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு, 3,000 ரூபாயில் ஒரு வருடத்துக்கான தினசரி உடுப்பு கிடைத்துவிடும். தெரியாதவர் அதே 3,000 ரூபாய்க்கு ஒரு பெரிய பை நிறைய வாங்கி வந்து, ஆறு மாதத்தில் தரை துடைக்கப் போடுவார்.

கல்லூரியில் சேர்கிறவர்கள், முதல் வேலைக்குப் போகிறவர்கள், ஜிம்முக்கும் சினிமாவுக்கும் வீட்டுக்கும் போட நல்ல துணி வேண்டும் ஆனால் பிராண்டுக்குக் காசு கொடுக்க மனமில்லை என்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணப் பட்டும் ஃபார்மல் சட்டையும் இதில் வராது.

கிளம்புவதற்கு முன்: இன்ச் டேப்பும் ஒரு பழைய சட்டையும்

வீட்டில் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கிற, போட்டால் நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஒரு டி-சர்ட் இருக்கும். அதைக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்துப் போடுங்கள். நான்கு அளவு எடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை மார்பகலம். கழுத்து ஓரத் தோள்பட்டையிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம். ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. அப்புறம் கை நீளம். பேண்ட் என்றால் இடுப்பு, தொடையின் அகலமான இடம், உள்கால் நீளம், கால் வாய். போனில் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் டேப் போதும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. காதர்பேட்டையில் பெரும்பாலான சின்னக் கடைகளில் போட்டுப் பார்க்க அறை கிடையாது. அத்தோடு அங்கே கிடைக்கிற எம், எல், எக்ஸ்எல் எல்லாம் ஒரே நாட்டு அளவும் கிடையாது. அமெரிக்க ஆர்டரில் மிச்சமான எம் நம் ஊர் எல்லுக்குச் சமமாக இருக்கும். வேறொரு நாட்டுக்குத் தைத்த எல் அளவை நம் எம் ஆள்கூட இழுத்துத்தான் போட வேண்டியிருக்கும். லேபிளை வெட்டியிருந்தால் அந்த எழுத்துகூட இருக்காது. இன்ச் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். விரித்துப் போட்ட மார்பகலம் 20 இன்ச் என்றால் சுற்றளவு 40. கடைக்காரரிடம் "நாற்பது சைஸ்" என்று கேட்டால் அவருக்குப் புரியும்.

இன்னொரு வேலை, அலமாரியைத் திறந்து பார்ப்பது. ஏற்கெனவே இருக்கிற பேண்ட்டுகள் என்ன நிறம் என்று பாருங்கள். புதிதாக எடுக்கும் ஒவ்வொரு மேல்சட்டையும் அவற்றில் இரண்டோடாவது பொருந்த வேண்டும். பொருந்தாதது எவ்வளவு மலிவாக இருந்தாலும் தண்டம்.

போய்ச் சேர்வது

காதர்பேட்டை திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்தே போகலாம். சென்னை - கோவை பாதையில் போகும் ரயில்கள் பல இங்கே நிற்கும். காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போவது நல்லது: வெளிச்சம் இருக்கும், கடைப் பையனுக்குப் பொறுமையும் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற நேரமில்லை. கூட்டத்தில் ஒரு பீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது. தீபாவளி முடிந்த கையோடும் போகாதீர்கள், தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஊரே ஓய்ந்து கிடக்கும். ஆடி மாதத் தள்ளுபடி பெரிய ஜவுளிக்கடைகளின் விஷயம். இங்கே எப்போதும் ஏறக்குறைய அதே விலைதான்.

முதல் கடையிலேயே வாங்க வேண்டாம். ஒரு சுற்று சும்மா நடந்து, நான்கைந்து கடையில் ஒரே மாதிரிப் பொருளுக்கு விலை கேட்டுவிட்டு வாருங்கள். சாதாரண ரவுண்ட் நெக் அரைக்கை டி-சர்ட் சில்லறையில் 150 முதல் 300 ரூபாய்க்குள் சொல்வார்கள். நூல் விலையைப் பொறுத்து இது ஏறும், இறங்கும்.

அடுக்கில் கிடக்கும் நான்கு வகைச் சரக்கு

வெளியே போர்டில் எல்லாக் கடையும் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது நான்கு வகை.

முதலாவது, நிஜமான சர்ப்ளஸ். வெளிநாட்டு ஆர்டர் எடுக்கிற கம்பெனி, கேட்ட எண்ணிக்கையை மட்டும் வெட்டித் தைக்காது. தையலில் கெட்டுப்போவது, சாயத்தில் ஷேடு மாறுவது இவற்றுக்கு ஈடாகச் சில சதவீதம் கூடுதலாகவே வெட்டுவார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அந்தக் கூடுதல் பீஸ்கள் மிச்சம். ஆர்டர் ரத்தானாலும், கப்பலுக்குத் தாமதமானாலும் மொத்தமாக மிச்சம். இதுதான் நீங்கள் தேடி வந்தது. இதை அடையாளம் காண ஒரு வழி: ஒரே டிசைனில் எல்லா அளவும் ஒழுங்காக இருக்காது. எக்ஸ்எஸ் இரண்டு, டபுள் எக்ஸ்எல் ஏழு, நடுவில் ஒன்றுமில்லை என்று ஓட்டைப்பல் வரிசையாகக் கிடக்கும். கழுத்து லேபிளில் பிராண்ட் பெயரை வெட்டியிருப்பார்கள், அல்லது மார்க்கரால் கோடு போட்டிருப்பார்கள். அந்தப் பெயரோடு வெளியே விற்க அனுமதி கிடையாது என்பதால். ஆனால் உள்ளே பக்கத் தையலில் இருக்கும் துவைப்புக் குறிப்புச் சீட்டை மறந்து விட்டுவிடுவதுண்டு. அதில் நாலைந்து மொழியில் எழுதியிருந்தால் சரக்கு வெளிநாட்டுக்குப் புறப்பட்டது என்று நம்பலாம். துணியில் பருத்தி எத்தனை சதவீதம் என்பதும் அதிலேயே இருக்கும்.

இரண்டாவது, செகண்ட்ஸ். சோதனையில் கழித்தது. எண்ணெய்க் கறை, சின்ன ஓட்டை, ஒரு கை மட்டும் லேசாக நிறம் மாறியது, தையல் விட்டது, பிரிண்ட் சாய்ந்தது. துணி அதே உயர்ந்த துணிதான். குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்து வாங்கினால் இதைவிட லாபம் கிடையாது. தையல் விட்டதை வீட்டருகே டெய்லரிடம் கொடுத்தால் சில நிமிட வேலை. தையல் மெஷின் எண்ணெய்க் கறை பெரும்பாலும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் போய்விடும். ஓட்டையை மட்டும் எடுக்காதீர்கள். பின்னலாடையில் ஓட்டை ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு இறங்கிக்கொண்டே போகும். கடுகளவு இருந்தது மூன்று துவைப்பில் விரல் நுழையும்.

மூன்றாவது, லோக்கல் தயாரிப்பு. உள்நாட்டுச் சந்தைக்கென்றே தைத்தது. இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல லோக்கல் யூனிட்டுகள் சர்ப்ளஸை விட நம் உடம்புக்கு ஏற்ற வெட்டில் தைக்கிறார்கள், எல்லா அளவும் கிடைக்கும், அடுத்த மாதம் போனாலும் அதே பொருள் கிடைக்கும். தரம்தான் ஒரே சீராக இருக்காது.

நான்காவது, டூப்ளிகேட். உலகப் புகழ் பெற்ற பிராண்டின் சின்னத்தை மார்பில் ஒட்டி, பளபளக்கும் லேபிளைக் கழுத்தில் வைத்துத் தைத்தது. சர்ப்ளஸில் லேபிள் போயிருக்கும், டூப்ளிகேட்டில் லேபிள் புத்தம் புதிதாக மினுங்கும். இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. சட்டத்தை விடுங்கள், லோகோவுக்கு ஆகிற செலவைத் துணியில்தான் குறைத்திருப்பார்கள்.

கடைக்காரரிடம் நேராகக் கேட்டுவிடலாம். "அண்ணா, இது சர்ப்ளஸுங்களா, லோக்கலுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள். மொத்த வியாபாரிகளோடு பழகிய ஊர், கேள்வி கேட்கிறவனுக்கு மரியாதை உண்டு.

துணியைக் கையால் படிப்பது

மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

திருப்பூரில் எல்லார் வாயிலும் வருகிற சொல் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 140க்குக் கீழே என்றால் உள்பனியன் கனம். 160லிருந்து 180 வரை நம் வெயிலுக்கு ஏற்ற டி-சர்ட். 200லிருந்து 240 வரை இப்போது ஓடுகிற ஓவர்சைஸ் டி-சர்ட்டுகளின் கனம். நன்றாக விழும், மே மாதத்தில் வியர்க்கும். அதற்கு மேலே ஹூடி, ஸ்வெட்சர்ட், ஜாகர்.

கடைக்காரர் "நூத்தி எண்பது ஜிஎஸ்எம்" என்று வாயால் சொல்வதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எம் அளவு அரைக்கை டி-சர்ட்டில் ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான துணி இருக்கும். ஆகவே 180 ஜிஎஸ்எம் சட்டை தராசில் 150 கிராமுக்குப் பக்கமாவது காட்ட வேண்டும். 120 காட்டினால் அவர் சொன்னது கதை. மொத்தமாக எடுக்கிறவர்கள் கடையில் இருக்கிற தராசிலேயே போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு சட்டைக்காகத் தராசு கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒற்றைத் துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைச் சட்டையில் விரல்களின் நிறம் தெளிவாகத் தெரிந்தால் அது உள்ளே பனியன் போட்டுத்தான் போட வேண்டிய சட்டை.

கனம் மட்டும் தரம் ஆகிவிடாது. முரட்டு நூலில் கனமாகப் பின்னிய துணியும் உண்டு. நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெலியும்: 20ஆம் நம்பர் தடிமன், 30 நடுத்தரம், 40 மெல்லியது. டி-சர்ட்டுக்குப் பெரும்பாலும் 30க்குப் பக்கத்தில் ஓடும். அந்த நூல் கோம்டு நூலா என்பது அடுத்த கேள்வி. பஞ்சைச் சீவி, குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்றது கோம்டு. கழிக்காமல் நூற்றது கார்டட். துணியைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்து, ஓரத்தில் வெளிச்சம் படும்படி பாருங்கள். மேலே பூனைமுடி போல மெல்லிய பிசிறு நின்றால் அது நாலாவது துவைப்பில் உருண்டு உருண்டு மணியாகிவிடும். பயோவாஷ் என்று சொல்வது இந்தப் பிசிறை நொதி கொண்டு தின்ன வைக்கிற வேலை. செய்த துணி வழுவழுப்பாகவும் நிறம் பளிச்சென்றும் இருக்கும்.

அடுத்து, பாலியஸ்டர் கலந்திருக்கிறதா? கையில் ஒரு பகுதியை இறுகக் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். பருத்தி கசங்கியபடி நிற்கும். சுருக்கமே விழாமல் மீண்டால் பாலியஸ்டர் நிறைய இருக்கிறது. கொளுத்திப் பார்க்கிற சோதனையை எல்லாரும் சொல்வார்கள்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். சரிதான். ஆனால் பலர் தையலிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டு "ஐயோ பாலியஸ்டர்" என்று சத்தம் போடுவார்கள். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், உறுதிக்காக. உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் துணித் துணுக்கைத்தான் சோதிக்க வேண்டும், அதுவும் வாங்கிய பிறகு வீட்டில். கடைக்குள் தீக்குச்சி உரசாதீர்கள். அங்கே ஒரு பொறி போதும்.

பாலியஸ்டர் இருந்தாலே மோசம் என்று நினைக்க வேண்டாம். ஜிம் சட்டைக்கு அதுதான் நல்லது, சீக்கிரம் காயும். சாம்பல் நிற மெலாஞ்ச் (இரண்டு நிற இழை கலந்த) துணியிலும் கொஞ்சம் பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலப்பது வழக்கம். 'நூறு சதவீதம் காட்டன்' என்று சொல்லி, காட்டன் விலைக்கு விற்பதுதான் பிரச்சினை.

விலைக்கும் ஒரு தரை உண்டு. பின்னலாடைக்கான பருத்தி நூலே கிலோ 200 ரூபாய்க்கு மேல். அதைப் பின்ன வேண்டும், சாயம் போட வேண்டும், வெட்டித் தைக்க வேண்டும், தேய்த்து மடிக்க வேண்டும். சாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நொய்யலாற்றைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை நடத்த முடியும் என்றானது. அந்தச் செலவு ஒவ்வொரு மீட்டரிலும் ஏறித்தான் வருகிறது. ஆகவே "அம்பது ரூபா, எது எடுத்தாலும் அம்பது ரூபா" என்று நடைபாதையில் குவித்திருப்பதில் நல்ல புதுப் பருத்திச் சட்டை இருக்க முடியாது. செகண்ட்ஸோ பழைய சரக்கோ கலப்புத் துணியோ இருக்கும். வீட்டில் போட எடுக்கலாம்.

சாயம் போகுமா என்று பார்க்க வெள்ளைக் கைக்குட்டையில் தண்ணீர் தொட்டு உள்பக்கம் அழுத்தித் தேயுங்கள். கறுப்பு, கருநீலம், மெரூன் மூன்றுக்கும் இது கட்டாயம். லேசாக ஒட்டினால் பயமில்லை, துணியில் பிடிக்காத மிச்சச் சாயம் முதல் துவைப்பில் போகும். கைக்குட்டை நன்றாகவே நிறம் மாறினால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

தையலும் பிரிண்ட்டும்

சட்டையை உள்ளே வெளியாகத் திருப்புங்கள். கழுத்தின் பின்பக்கம் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை நாடா வைத்துத் தைத்திருந்தால் நல்ல வேலை, தோள் தளராது. கழுத்துப் பட்டையை இரு கையாலும் இழுத்துவிட்டு விடுங்கள். உடனே பழையபடி மீள வேண்டும், அலையலையாக நின்றால் வேண்டாம். கழுத்து போன டி-சர்ட்டை எந்த ஸ்டைலும் காப்பாற்றாது. கீழ் மடிப்பிலும் கை மடிப்பிலும் இரட்டைத் தையல் இருக்க வேண்டும்.

அப்புறம் பக்கத் தையலைப் பாருங்கள். சட்டையை நேராக விரித்தால் அந்தத் தையல் அக்குளிலிருந்து கீழே நேராக இறங்க வேண்டும். முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்து ஓடினால், துணியை நேரான இழையில் வெட்டவில்லை, அல்லது பின்னலிலேயே முறுக்கு இருக்கிறது. துவைக்கத் துவைக்க அது இன்னும் சுற்றிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிடும். பக்கத் தையலே இல்லாமல் குழாயாகப் பின்னியதும் உண்டு, அது குறை அல்ல.

பிரிண்ட் போட்டதாக இருந்தால் இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். பிக்மென்ட் பிரிண்ட் துணியோடு துணியாக இருக்கும், தடவினால் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ரப்பர் பிரிண்ட் தடிமனாக மேலே நிற்கும். நல்லதென்றால் இழுத்தால் நீளும், மட்டமானது சுவர் போல விரிசல் விடும். டிடிஎஃப் என்று இப்போது எங்கும் போடுவது ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் வேலை. ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தரம் தெரிந்துவிடும். மார்பு முழுக்க ஒட்டிய பெரிய டிடிஎஃப் சட்டைக்குள் காற்று போகாது, சென்னைக்காரர்கள் யோசித்து எடுங்கள்.

எதை எடுத்தால் நன்றாக இருக்கும்

ஸ்டைல் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் சலிப்பானது: முதல் தடவை பிளெய்ன் மட்டும் எடுங்கள். வெள்ளை, கறுப்பு, கருநீலம், சாம்பல், ஆலிவ் பச்சை. இந்த ஐந்தும் ஜீன்ஸுக்கும், காக்கிப் பேண்ட்டுக்கும், கறுப்பு ஜாகருக்கும் போகும். நம் மாநிறத்துக்கு மெரூனும் கடுகு மஞ்சளும் எடுப்பாக இருக்கும், ஆறாவதாக அதில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். வாசகம் எழுதிய சட்டை பார்த்தவுடன் பிடிக்கும், ஒரு மாதத்தில் அலுக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டாவது எடுங்கள். வெளிநாட்டுக்குத் தைத்ததில் அம்மா முன் போட முடியாத வாசகமும் இருக்கும்.

மலிவான சட்டையை விலையுயர்ந்ததாகக் காட்டுவது அளவுதான். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கை மேற்கையின் பாதியில் முடிய வேண்டும். நீளம் பெல்ட்டுக்குக் கீழே நான்கு விரல். இதற்கு மேல் நீண்டால் நைட்டி.

ஓவர்சைஸ் வேண்டும் என்பவர்கள் கவனிக்க: உங்கள் அளவு எம் என்றால் டபுள் எக்ஸ்எல் வாங்குவது ஓவர்சைஸ் ஆகாது. கழுத்து அகன்று, நீளம் தொடை வரை தொங்கி, அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி ஆகிவிடும். ஓவர்சைஸுக்கென்றே வெட்டியதில் தோள் கீழே இறங்கியிருக்கும், கழுத்து இறுக்கமாகச் சின்னதாக இருக்கும், நீளம் அளவோடு நிற்கும். "டிராப் ஷோல்டர்" என்று கேளுங்கள்.

சுருங்குவதற்கும் இடம் விட வேண்டும். காம்பாக்டிங் (தைப்பதற்கு முன்பே துணியை மெஷினில் அழுத்திச் சுருக்கி வைக்கிற வேலை) செய்த துணியே ஐந்து சதவீதம் வரை சுருங்கலாம். 28 இன்ச் நீளத்தில் அது ஒன்றரை இன்ச்சுக்குப் பக்கம். காம்பாக்டிங் செய்யாததென்றால் இன்னும் கூடும். வீட்டில் அளந்த பழைய சட்டை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது என்பதை மறக்காமல், நீளத்தில் ஒன்றரை இன்ச் கூடுதலாகவே பாருங்கள்.

3,000 ரூபாயை நான் இப்படிப் பிரிப்பேன்: ஐந்து பிளெய்ன் டி-சர்ட், காலர் வைத்த பிகே (சின்னச் சின்னக் குழி விழுந்த பின்னல்) டி-சர்ட் ஒன்று அல்லது இரண்டு, வெளியே போடக்கூடிய ஜாகர் ஒன்று, வீட்டுக்கு இரண்டு ஷார்ட்ஸ், மிச்சம் இருந்தால் ஒரு ஹூடி. ஜீன்ஸை இங்கே தேடாதீர்கள். திருப்பூர் பின்னலாடை ஊர், ஜீன்ஸுக்குப் பெயர் போனது கர்நாடகத்துப் பெல்லாரி. இங்கே கிடைக்கிற ஜீன்ஸும் வெளியூர்ச் சரக்குதான், அதற்காகத் திருப்பூர் வரை வர வேண்டியதில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்

லெக்கிங்ஸ்தான் அதிகம் ஏமாற்றும் பொருள். கையை முஷ்டியாக மடக்கி உள்ளே விட்டு இழுத்துப் பிடியுங்கள், தோல் தெரிந்தால் குனியும்போதும் தெரியும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபடுவது "ஃபோர் வே". அகலத்தில் மட்டும் இழுபடுவது முட்டியில் பை விழும். ஆண்கள் பகுதியில் உள்ள டி-சர்ட்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள், அதே விலையில் துணி கனமாகவும் நீளம் கூடுதலாகவும் இருப்பது சாதாரணம். போட்டுப் பார்க்க அறை இல்லை என்பதால், உடம்போடு ஒட்டிய மெல்லிய மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் அதன் மேலேயே மாட்டிப் பார்க்கலாம்.

குழந்தைகள் உடுப்பு காதர்பேட்டையின் பலம். ஏற்றுமதியில் அது பெரிய பங்கு என்பதால் மிச்சமும் அதிகம், துணியும் மெத்தென்று இருக்கும். ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கழுத்து வாய் தலைக்குள் நுழையுமா என்பதையும், அழுத்து பட்டன்கள் இழுத்தால் கையோடு வருகிறதா என்பதையும் பாருங்கள்.

பேரம், பில்

ஒற்றைச் சட்டைக்குப் பேரம் பேசினால் பத்து, இருபது ரூபாய் குறையும். எண்ணிக்கைக்குத்தான் இங்கே மரியாதை. "ஹோல்சேல் ரேட்டுக்கு எத்தனை பீஸ் எடுக்கணுங்க?" என்று கேளுங்கள். ஒரு டஜன் என்பார், அல்லது எம், எல், எக்ஸ்எல் கலந்த ஒரு செட் என்பார். நான்கு நண்பர்கள் சேர்ந்து போனால் இது தானாகவே நடந்துவிடும், ஆளுக்கு ஒரு அளவு. "ஃபைனலா சொல்லுங்கண்ணா" என்ற பிறகு அவர் சொன்ன விலையை ஒத்துக்கொண்டால் எடுக்க வேண்டும். சம்மதித்துவிட்டு நழுவினால் அடுத்த கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

அடுக்கின் மேலே இருக்கும் மாதிரியைச் சோதித்துவிட்டு அடியில் இருப்பதைப் பாக்கெட்டோடு வாங்காதீர்கள். ஒவ்வொரு பீஸையும் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை பார்த்து, டேப் வைத்த பிறகுதான் பைக்குள். ஒரே கட்டில் வந்த இரண்டு எல் சட்டைகளுக்கு நடுவிலேயே ஒரு இன்ச் வித்தியாசம் இருக்கும்.

பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். எம்ஆர்பி அச்சிட்ட பொருள் என்றால் வரி அதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கேட்கக் கூடாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்றதற்கு இதைத் தூக்கிக்கொண்டு போவது நியாயமில்லை.

திருப்பூர் வர முடியாதவர்கள்

சென்னையில் பாண்டி பஜார் நடைபாதையிலும் ரங்கநாதன் தெருவிலும் இதே சோதனைகளைச் செய்யலாம், விலை மட்டும் கொஞ்சம் கூட இருக்கும். எழும்பூர் பாந்தியன் சாலையில் காட்டன் ஸ்ட்ரீட் என்று சொல்கிற கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணி கிடைக்கும். நல்ல டெய்லர் கையில் இருந்தால் சட்டை, குர்தி தைத்துக்கொள்ள அதுவே வழி. ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை உண்டு. கைத்தறிச் சட்டை வேண்டும் என்பவர்கள் தீபாவளிச் சமயத்துத் தள்ளுபடியில் கோ-ஆப்டெக்ஸ் போகலாம்.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் "திருப்பூர் ஃபேக்டரி விலை" என்று விற்கிறவர்கள் ஏராளம். நேர்மையானவர்களும் உண்டு. முதலில் ஒரே ஒரு பீஸ் வாங்குங்கள், பணம் பார்சல் கைக்கு வந்த பிறகு கொடுக்கிற முறையில். மார்பகலமும் நீளமும் இன்ச்சில் கேளுங்கள். டேப் வைத்துப் படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். ஜிஎஸ்டி எண் கேட்டு அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்தால் சண்டை வந்தால் உதவும்.

வீட்டுக்கு வந்ததும்

எல்லாவற்றையும் ஒன்றாக வாளியில் போடாதீர்கள். கறுப்பும் கருநீலமும் தனி, வெள்ளை தனி. பச்சைத் தண்ணீர், உள்ளே வெளியாகத் திருப்பி, குறைந்த சோப்பு, நிழலில் உலர்த்தல். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று பாட்டிமார் சொல்வது இந்தக் காலத்து ரியாக்டிவ் சாயத்துக்குப் பலிக்காது. சாயம் துணியில் பிடிப்பது பட்டறையிலேயே முடிந்துவிடுகிறது, வீட்டு உப்புக்கு அங்கே வேலையில்லை. டி-சர்ட்டை ஹேங்கரில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீளும், கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள். பிரிண்ட் மேல் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது.

காய்ந்ததும் இன்னொரு முறை டேப் வைத்து, எந்தச் சட்டை எவ்வளவு சுருங்கியது என்று போனில் பழைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கடை போர்டையும் அங்கிருக்கும்போதே போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். காதர்பேட்டையில் பாதிக் கடைகளின் பெயர் ஒன்றுபோலவே இருக்கும்; "அந்த முக்குக் கடை, உள்ளே தள்ளி மூணாவது" என்று அடுத்த தடவை தேடினால் ஒரு காலைப் பொழுது போய்விடும்.